இரண்டு நிமிட இடைவெளி

இந்த இதழுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். காற்பந்து, பூப்பந்து பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சனி, ஞாயிறு வந்தால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மவுண்டன் பைக் ஓட்டக் கிளம்பிவிடுவேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். பல நாள் நடக்கும் மலைச் சைக்கிள் போட்டிக்கு ஜோடியாகப் போவது நல்லதா, தனியாகப் போவது நல்லதா?

சைக்கிள் பக்கமே போகாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். குரூப் அசைன்மெண்ட் செய்து அடிபட்டவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் புரியும்.

போட்டி எப்படிப்பட்டது?

நம் நாட்டில் 1996 முதல் நடக்கும் லெ டூர் டி லங்காவி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தினமும் ஒரு கட்டம் ஓட்ட வேண்டும். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் வென்றவர். இதைத்தான் ஸ்டேஜ் ரேஸ் என்கிறார்கள். மவுண்டன் பைக் ஸ்டேஜ் ரேஸிலும் அதே கணக்குதான். ஆனால் பெரும்பாலும் தார்ச் சாலை இருக்காது, மாற்றுச் சக்கரத்தோடு பின்னால் கார் வராது. காட்டுக்குள் டயர் கிழிந்தால் உங்கள் கையில் இருப்பதை வைத்து நீங்களே சரிசெய்ய வேண்டும்.

இந்த வகைப் போட்டிகளில் பெயர் பெற்றது தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக். வெஸ்டர்ன் கேப் மாநிலத்து மலைகளில் 2004இல் தொடங்கியது. கெவின் வெர்மாக் என்பவர் கோஸ்டா ரிக்காவின் லா ருட்டா போட்டியில் ஓட்டிவிட்டு வந்து, அந்த உந்துதலில் ஆரம்பித்தார். முதல் நாள் ஒரு சிறிய ஓட்டம், பிறகு ஏழு கட்டங்கள், மொத்தம் எட்டு நாள். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். தூரம் 600 முதல் 700 கிலோமீட்டர் வரை வரும். ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 15,000 மீட்டர். நம்ம கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அதை மூன்றரை தடவைக்கு மேல் ஏறினால் எவ்வளவோ, அவ்வளவு.

இங்கே தனியாகப் பதிய முடியாது. இருவர் சேர்ந்து ஓர் அணி. வழியில் எந்த இடத்திலும் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. மீறினால் ஒரு மணி நேரம் அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஒருவர் விலகிவிட்டால் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம், ஆனால் அணி வரிசையில் அவருக்கு இடம் இல்லை. ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் டிரான்ஸால்ப் போட்டியும் 1998இல் இருவர் போட்டியாகத்தான் பிறந்தது. கனடாவின் பிசி பைக் ரேஸ், அமெரிக்காவில் கொலராடோவின் பிரெக் எபிக் போன்றவற்றில் தனியாகவும் போகலாம், ஜோடியாகவும் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில்தான் நம் கேள்வி வருகிறது.

காகிதம் எடுங்கள்

ஒரு கணக்கு போடுவோம். பயப்படாதீர்கள், எஸ்பிஎம் கணக்குதான்.

ஒருவருக்கு நாலு நாளில் ஒரு நாள் கெட்ட நாள் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் வரவில்லை, வயிறு சரியில்லை, காரணமே தெரியாமல் கால் கனக்கிறது, ஏதோ ஒன்று. நாலில் ஒன்று என்பது கணக்குக்காக நான் வைத்த எண், ஆராய்ச்சி முடிவு கிடையாது. தனியாக எட்டு நாள் ஓட்டினால் 8 × 1/4, இரண்டு கெட்ட நாள் வரும்.

ஜோடியாக ஓட்டினால்? இருவரும் நன்றாக இருக்க 3/4 × 3/4, அதாவது 9/16 வாய்ப்பு. எட்டு நாளில் நாலரை நாள். மீதி மூன்றரை நாள் யாரோ ஒருவருக்காவது உடம்பு ஒத்துழைக்காது. அந்த நாள்களில் அணியின் வேகம் மெதுவானவரின் வேகம்தான். வாசலில் தீபாவளிக்குத் தொங்கவிடும் பழைய காலத்து விளக்குச் சரத்தில் ஒரு பல்ப் போனால் மொத்தமும் அணைந்துவிடும் இல்லையா, அந்தத் தொடர் இணைப்பு மாதிரிதான். கடைசி வரை போய்ச் சேர ஆளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருந்தால், இருவரும் போய்ச் சேர எண்பத்தொன்றுதான்.

இதைப் பார்த்தால் தனியாகப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அந்த மூன்றரை நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே நாளில் முடியாமல் போவது 1/16, அதாவது எட்டு நாளில் அரை நாள். மிச்சம் மூன்று நாள் ஒருவர் நன்றாக இருக்கிறார், மற்றவர் இல்லை. அந்த மூன்றில் ஒன்றரை நாள் அவர் பலவீனம், ஒன்றரை நாள் நீங்கள் பலவீனம். (ஒரே கூடாரத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு இருவருக்கும் ஒன்றாக வயிற்றைக் கலக்கினால் இந்தக் கணக்கு உதவாது. என் விரிவுரையாளர் இதைப் படித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.)

நாம் ஜோடிக்கு ஆள் தேடும்போது என்ன நினைக்கிறோம்? “அவன் என் வேகத்துக்கு வருவானா?” என்றுதான். என் ஒன்றரை நாளை அவன் எப்படித் தாங்குவான், அன்றைக்கு நான் எப்படி நடந்துகொள்வேன் என்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

அண்ணன் சொல்லாதது

போன ஆண்டுக் கடைசியில் பேராக்கில் ஒரு சைக்கிள் குழு இரண்டு நாள் ஜோடிப் பயணம் ஏற்பாடு செய்திருந்தது. செம்பனைத் தோட்டம், ரப்பர் தோட்டம், நடுவில் சில குன்றுகள். என் ஜோடி என் பெரியம்மா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தோட்டத்துப் பள்ளித் திடலில் இருக்கையைப் பிடித்துக்கொண்டே ஓடி எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். இப்போது தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. நான் வாரம் நாலு நாள் ஓட்டுகிறேன், அவர் லீவு கிடைத்தால் ஓட்டுவார்.

முதல் நாள் பிரச்சினை இல்லை. இரண்டாம் நாள் காலைப் பசியாறலில் அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். நான் பார்த்தேன். கேட்கவில்லை. இரவெல்லாம் வயிறு சரியில்லாமல் நாலைந்து தடவை எழுந்து போனாராம், அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பத்தரை மணி இருக்கும். செம்மண் ஏற்றம், மரநிழலே இல்லை. நான் முன்னால், அவர் பின்னால். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். “நீ போடா தம்பி, நான் பின்னால வர்றேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் போனேன். உண்மையைச் சொன்னால், போகச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு அழகாக நின்றது, கால் சுழன்றது, மூன்று அணிகளைத் தாண்டினேன்.

மேலே போய்க் காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் தாண்டி வந்த மூன்று அணிகளும் என்னைத் தாண்டிப் போயின. இருபத்தைந்து நிமிடம் ஆனதும் கீழே இறங்கினேன். ஒரு செம்பனை மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். முகம் வெளிறி, கை நடுங்கியது. தண்ணீர்ப் பாட்டில் இரண்டும் காலி. என் முதுகுப் பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் ஒரு பாட்டில் ஹண்ட்ரட் பிளஸும் இருந்தன. அவற்றைத்தான் நான் மேலே தூக்கிக்கொண்டு போய்க் காத்திருந்தேன்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வங்காளதேசத்து அண்ணன்தான் கேன் தண்ணீரைக் கழுத்திலும் தலையிலும் ஊற்றி, மோட்டாரில் உட்கார வைத்துச் சாலை வரை கொண்டுபோய் விட்டார். கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, வெயில் தாக்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. “ரெண்டு பேரா போனீங்க. நீ மட்டும் மேல போய் நின்னியாமே” என்று மட்டும் கேட்டார்கள்.

கொஞ்ச நாள் எனக்குக் கோபம்தான். முடியவில்லை என்றால் சொல்லியிருக்க வேண்டாமா? கடைசியில் ஒருநாள் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது கேட்டேவிட்டேன். அண்ணன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “உங்கிட்ட எப்படிடா சொல்றது? நீ என் தம்பி” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூத்தவர் இளையவரிடம் முடியலை என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. அப்படியென்றால் கேட்க வேண்டியது நான். மூடிய நாசி லெமாக்கைப் பார்த்த நிமிடத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

பலமாக இருப்பவர் என்ன செய்யலாம்?

அதற்குப் பிறகுதான் நல்ல ஜோடிகள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். நான் செய்தது அத்தனையும் தலைகீழ்.

சமதரையில் காற்றுக்கு முன்னால் பலமானவர் போக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டும்போது பெரும் எதிரி காற்றுதான். பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செங்குத்து ஏற்றத்தில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டராகக் குறைந்தால், அந்த விசை பதினாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஏற்றத்தில் நான் முன்னால் போய் அண்ணனுக்கு எந்த உதவியும் இல்லை. அங்கே முடியாதவர் முன்னால் போய் வேகத்தை முடிவு செய்ய வேண்டும், முடிகிறவர் பின்னால் வர வேண்டும். பின்னால் இருந்தால்தான் அவர் எப்படி மிதிக்கிறார், தண்ணீர் குடிக்கிறாரா, சைக்கிள் ஆடுகிறதா என்று கண்ணில் படும். முன்னால் போகிறவருக்கு ஏற்றம் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது சுமை. ஆள் 70 கிலோ, சைக்கிளும் பொருள்களும் 12 கிலோ, மொத்தம் 82. அதில் ஒன்றரை கிலோவை எடுத்துவிட்டால் எடை இரண்டு சதவிகிதத்துக்கும் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் ஒரு நிமிடம் மிச்சம். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அந்த ஒன்றரை கிலோவை நான் வாங்கிக்கொண்டால் நானும் ஒரு நிமிடம் மெதுவாகிறேன். இடைவெளி இரண்டு பக்கத்திலிருந்தும் குறைந்து மொத்தம் இரண்டு நிமிடம் ஆகிறது. கேப் எபிக் விதியில் அனுமதிக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளுவது. ஜோடிப் போட்டிகளில் இது சாதாரணக் காட்சி. யாரும் வெட்கப்படுவதில்லை. நம் ஆள்களுக்குத்தான் இது கஷ்டம் என்று நினைக்கிறேன், தள்ளுவதைவிடத் தள்ளப்படுவது.

பலவீனமாக இருப்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சீக்கிரம் சொல்வது. கால் கனக்க ஆரம்பிக்கும்போதே சொன்னால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஏதாவது சாப்பிட்டு, அரை மணியில் சரிக்கட்டலாம். மரத்தடியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அன்றைய நாள் முடிந்தது.

பெரிய ஆள்கள்

கேப் எபிக்கை ஐந்து முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் கிறிஸ்டோஃப் சவுசர், தென்னாப்பிரிக்காவின் இளம் வீரர் பரி ஸ்டாண்டரோடு சேர்ந்து 2011, 2012 இரண்டு ஆண்டும் வென்றார். 2013 ஜனவரியில் பயிற்சி ஓட்டத்தின்போது டாக்சி மோதி ஸ்டாண்டர் இறந்துபோனார். வயது 25. அதே ஆண்டு மார்ச்சில் சவுசர் வேறொரு ஜோடியோடு, லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவியோடு, போட்டிக்கு வந்து வென்றார். தனியாள் போட்டி என்றால் அவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். இங்கே பக்கத்தில் இன்னொரு பெயர் எழுத வேண்டும். அந்தத் தாளை நிரப்பும்போது அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

பெண்கள் பிரிவில் டென்மார்க்கின் அன்னிகா லாங்வாட் ஐந்து முறை வென்றவர், மூன்று வேறு வேறு ஜோடிகளோடு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கேட் கோர்ட்னியோடு சேர்ந்து வென்றார். அந்த செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடில் உலகப் போட்டி, அது தனியாள் போட்டி. அங்கே கோர்ட்னி தங்கம், லாங்வாட் வெள்ளி. மார்ச்சில் எட்டு நாள் பக்கத்தில் ஓட்டி, ஒருவர் பலத்தையும் பலவீனத்தையும் மற்றவர் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் எதிர் எதிர். மறு ஆண்டு லாங்வாட், சாலைப் போட்டிகளில் உலக வீராங்கனையான ஆனா வான் டெர் பிரெகனை ஜோடியாக அழைத்துக்கொண்டு வந்து மறுபடி வென்றார்.

தனியாகப் போவதைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும்

ஜோடிதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. தனியாகப் போவதில் ஒரு நேர்மை இருக்கிறது. உங்கள் பலவீனத்துக்கு உங்கள் நேரம் மட்டுமே பலி. நடுவில் நிறுத்தினால் இன்னொருவரின் ஓராண்டுப் பயிற்சி வீணாகாது. வேகம் உங்களுடையது. சமதரையில் முகம் தெரியாத யார் பின்னாலும் ஒட்டிக்கொள்ளலாம், ஏற்றத்தில் அவரை விட்டுவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் முதல் ஒன்றிரண்டு போட்டிகளைத் தனியாகச் செய்வது நல்லது என்பது என் கருத்து. எத்தனை மணி நேரத்தில் பசிக்கும், வெயிலில் எப்போது தலை சுற்றும் என்பது நமக்கே தெரியாவிட்டால் ஜோடியிடம் எதைச் சொல்வது?

ஆனால் தனியாக ஓட்டும்போது முதலில் கெடுவது கால் அல்ல, தீர்மானம். சர்க்கரையும் தண்ணீரும் குறைந்த மூளை, இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று சொல்லும். அதே மூளைதான் அது சரியா தப்பா என்றும் முடிவு செய்ய வேண்டும். அந்த மரத்தடியில் அண்ணனுக்கு நடந்தது அதுதான். பேருக்கு ஜோடி, ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடம் அவர் தனியாள். தனியாளுக்கு உண்டான தயாரிப்பு கூட, போதுமான தண்ணீர் கூட, அவரிடம் இல்லை. தனியாகவே போவதாக இருந்தால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நம் வெயிலுக்கு நினைப்பதைவிட ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளைக் கூட்டத்தில் பேச இரண்டு கேள்விகள். ஒன்று: கடைசியாக நீங்கள் ஒருவரிடம் “என்னால முடியல” என்று எப்போது சொன்னீர்கள், யாரிடம்? இரண்டு: உங்களோடு வேலை செய்யும் ஒருவர் அதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால், சொல்லவிடாமல் செய்தது எது? இரண்டாவதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

இந்த ஆண்டு

அதே இரண்டு நாள் பயணம் மறுபடி வருகிறது. இந்த முறை தனியாள் பிரிவும் உண்டு. நான் தனியாள் என்றுதான் குறித்து வைத்திருந்தேன், பணம் மட்டும் கட்டவில்லை. அண்ணன் எப்படியோ கேள்விப்பட்டு போன் பண்ணினார். “என்னடா, இந்தத் தடவை ஆரம்பத்துலேயே விட்டுட்டுப் போறியா?”

சேர்ந்து போகிறோம், ஒரே ஒரு நிபந்தனையோடு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருவரும் ஓர் எண் சொல்ல வேண்டும். பத்து என்றால் முழுத் தெம்பு, ஒன்று என்றால் மரத்தடி. காரணம் சொல்ல வேண்டாம், எண் மட்டும் போதும். முடியலை என்று சொல்ல வராத வாய்க்கும் நாலு என்று சொல்ல வரும் என்பது என் யோசனை. ஐந்துக்குக் கீழே போனால் சொன்னவர் முன்னால் போவார், மற்றவர் அவர் தண்ணீரை வாங்கிக்கொண்டு பின்னால் வருவார்.

போன ஞாயிறு முதல் தடவையாகச் செய்து பார்த்தோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது அண்ணன் எட்டு, நான் ஒன்பது. முதல் குன்றில் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார், பிறகு “நாலுடா” என்றார். நான் அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒன்பதரைக்கு வெயில் ஏறியது. எனக்கு முந்தின இரவு அசைன்மெண்ட் முடித்ததில் மூன்று மணி நேரத் தூக்கம்தான், தொடை இறுக ஆரம்பித்திருந்தது. அண்ணன், “நம்பர் என்ன?” என்றார். “ஆறு” என்றேன். பொய். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் இருநூறு மீட்டர் போன பிறகுதான் எனக்கு “மூணு” என்று சொல்ல வந்தது.

“குடு பையை” என்று கையை நீட்டினார்.